கலியாண நாளுக்கு வில்பத்து, ரெண்டு இரவு: எந்த மாதம், எந்த வழி, ஜீப் என்ன மாதிரி?

கிடுகுவேலி:
வணக்கம். ஆவணிக் கடைசியில கலியாண நாள் வருது. ரெண்டு பேர் மட்டும், யாழ்ப்பாணத்தில இருந்து சொந்தக் காரில, ரெண்டு இரவு. கடலும் வேண்டாம், நுவரெலியாக் குளிரும் வேண்டாம், காடுதான். வில்பத்துத் தேசிய பூங்கா எண்டு யோசினை. அரை நாள் ஜீப்போ முழு நாளோ? கூடாரமோ அறையோ? ஒராள் சுத்த சைவம். மற்றாளுக்கு முதுகு நோ. "சூப்பர் இடம், கட்டாயம் போங்கோ" எண்டு எழுதாமல் விபரமாச் சொல்லுவியள் எண்டு நம்புறன்.

முதிரைக்கட்டை:
முதல்ல மாதத்தைப் பாப்பம், மிச்சமெல்லாம் அதுக்குப் பிறகுதான். எங்கட பக்கக் கலியாணங்கள் அனேகமா தை, வைகாசி, ஆனி, ஆவணிக்குள்ளதான் விழும். காடும் அந்தந்த மாதத்துக்கு ஒரு முகம் காட்டும். உங்களுக்கு ஆவணி போதும், ஆனால் இந்த இழையைப் பிறகு தேடி வாற ஆக்களுக்காக எல்லாத்தையும் எழுதுறன்.

தை: வில்பத்துக்கும் மழை எங்களுக்குப் போலத்தான், ஐப்பசி தொடங்கி மார்கழி வரைக்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 1000 மில்லிமீற்றர் விழுற இடம், அதில பெரும்பங்கு அந்த மாரியிலதான். தையில வில்லுகள், அதாவது காட்டுக்குள்ள இருக்கிற இயற்கை நீர்ப்பள்ளங்கள், ததும்பி நிக்கும். எங்க பார்த்தாலும் தண்ணி எண்டபடியா மிருகங்கள் ஒரு இடத்தில கூடாது. பத்தையும் புல்லும் செழிச்சு நிக்கிறதால பத்து மீற்றரில சிறுத்தை படுத்திருந்தாலும் தெரியாது. அதுக்குப் பதிலா வெளிநாட்டுப் பறவைகள் நிறைய. பச்சை பார்க்கப் போற சோடிக்கு இது நல்ல மாதம், சிறுத்தை பார்க்கப் போற சோடிக்கு அவ்வளவு சரிவராது.

வைகாசி, ஆனி: பாலைப்பழக் காலம். கரடி பாக்கிறதெண்டா இதுதான். மற்றக் காலத்தில கூச்சப்பட்டு இருட்டில திரியிற கரடி, பாலை பழுத்தால் பட்டப்பகலில மரத்தில ஏறி இருந்து தின்னும். வீரையும் அந்தக் காலத்தில பழுக்கும். கீழ விழுற பழத்துக்கு மான், மரை, பன்றி எல்லாம் வரும். எந்த மரம் பழுத்திருக்கு எண்டு தெரிஞ்ச ஜீப்காரன் கிடைச்சால் பாதி வேலை முடிஞ்சுது.

ஆவணி, புரட்டாதி: காடு காய்ஞ்சு கிடக்கிற காலம். சின்ன வில்லுகள் வத்தி, தண்ணி நிண்டுபிடிக்கிற பெரிய வில்லுகளுக்கு எல்லாம் இறங்கி வரும். வில்லைச் சுத்தி வெறும் மணலும் குட்டைப் புல்லும் எண்டபடியா பார்வை தூரம் போகும். சிறுத்தைக்கு நல்ல காலம். கெட்ட பக்கம் எது எண்டால் சோளகக் காத்தும் செம்புழுதியும், மத்தியானத்தில 33, 34 பாகை வெக்கையும். வறட்சி மிஞ்சினால் சில பூங்காக்களைப் புரட்டாதியில மூடுறதும் உண்டு. யால முதலாம் வலயம் அப்பிடி மூடுறது வழக்கம். அதால புறப்படுறதுக்கு ரெண்டு நாள் முதல் ஒருக்கா கேட்டுப் பாருங்கோ.

பனங்கொட்டை:
வில்லு எண்டா என்ன எண்டு தெரியாமல் போற ஆக்கள் கன பேர். அது குளமில்லை. அணையும் இல்லை, துருசும் இல்லை. மழைத்தண்ணி நிரம்புற இயற்கைப் பள்ளம், சுத்தி மணல் விளிம்பு. புத்தளத்தில இருந்து யாழ்ப்பாணம் வரைக்கும் கிடக்கிறது ஒரே மயோசீன் சுண்ணக்கல் படுகை. நிலாவரைக் கேணியை உண்டாக்கின கல்லும் அதுதான். சில வில்லில நல்ல தண்ணி, சிலதில உவர். வில்லுகள் உள்ள பற்று வில்பத்து. முல்லைத்தீவில கரைதுறைப்பற்று எண்டு சொல்லுறமே, அதே பற்று. உள்ளுக்க பணிக்கர் வில்லு எண்டு ஒண்டு இருக்கு. பணிக்கர் எண்டால் முந்தின காலத்தில யானை பிடிச்ச ஆக்கள். பேருகளைப் பார்த்துக்கொண்டு போனாலே அரைவாசி உங்களுக்கு விளங்கும்.

ஆனையிறவு_உப்பு:
திகதியில கவனம், தங்கச்சி. ஆவணியில நல்லூர்த் திருவிழா வரும். ஆடி அமாவாசை கழிஞ்சு ஆறாம் நாள் கொடி, 25 நாள் திருவிழா. தேர், தீர்த்தத்துக்கு நடுவில வெளிக்கிட்டால் வீட்டில ஒருத்தரும் சமாதானமா அனுப்ப மாட்டினம். விரதம் பிடிக்கிற ஆளெண்டால் விடுதிச் சாப்பாடும் சிக்கல். ஆவணி (ஓகஸ்ட்) 15 ஐ ஒட்டி மடுத் திருவிழா, ஏ14 வீதி நிரம்பும்.

ஆனி மாதக் கலியாண நாள்காரருக்கு ஒண்டு: பொசன் போயா, பௌர்ணமி நாள் லீவு. அந்தக் கிழமை அநுராதபுரத்திலயும் மிகிந்தலையிலயும் கால் வைக்க இடமிராது. உங்கட வழி அநுராதபுரத்துக்குள்ளாலதான் போகுது எண்டதை மறக்காதேங்கோ. எந்தப் போயா எண்டாலும், அது வெள்ளி அல்லது திங்களில விழுந்து மூண்டு நாள் லீவாச்சுதெண்டால் கொழும்பில இருந்து சனம் முழுக்க வில்பத்துக்குத்தான். கிழமை நாளில போங்கோ. செவ்வாய், புதன் ரெண்டும் நல்லம்.

பூநகரிக்காத்து:
வழி. ஏ9 இல கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா, மதவாச்சி, ரம்பேவ, அங்கயிருந்து வலப்பக்கம் திரும்பி அநுராதபுரம். யாழ்ப்பாணம் வவுனியா ஏறத்தாழ 140 கிலோமீற்றர், அநுராதபுரம் வரைக்கும் 195 அளவில. பிறகு புத்தளம் போற ஏ12 வீதியைப் பிடிச்சு, நொச்சியாகமை தாண்டி, திம்பிரிவௌச் சந்தியில வலப்பக்கம் திரும்பினால் ஹுனுவில்கம வாசல். எல்லாமா 235 கிலோமீற்றர் போட்டுக்கொள்ளுங்கோ. ஊருக்குள்ள 50, வெளியில 70 எண்டு ஓடினால் தேத்தண்ணிக்கு நிக்கிறதோட அஞ்சு மணித்தியாலம். மாங்குளம் பக்கம் வீதி நேரா, வெறிச்சோடிக் கிடக்கும், கால் தானா அமத்தும். அங்கதான் பொலிஸ் நிப்பினம்.

விடிய அஞ்சரைக்கு வெளிக்கிடுங்கோ. இரவு ஓட்டம் வேண்டாம். கிளிநொச்சிக்கும் மாங்குளத்துக்கும் இடையில கட்டாக்காலி மாடுகள் தார் சூட்டுக்கு ரோட்டிலயே படுத்திருக்கும். கறுத்த மாடு லைற்றில கடைசி வினாடிதான் தெரியும். அநுராதபுரம் தாண்டினால் மாட்டுக்குப் பதிலா யானை. காசும் பெற்றோலும் நொச்சியாகமையிலேயே எடுத்துப்போடுங்கோ.

பனங்கொட்டை:
கூகுள் மப் மன்னார், சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி எண்டு காட்டுக்குள்ளால ஒரு கிட்ட வழி காட்டும். அது பூங்காவுக்குள்ளால போற ரோட்டு, நீதிமன்ற வழக்கில இழுபட்டது. அதை நம்பிப் போனால் வந்த தூரம் முழுக்கத் திரும்பி ஓடவேணும்.

கரைவலை:
தங்குமிடம். ஏமாறுற இடம் இதுதான், அதால கொஞ்சம் நீட்டி எழுதுறன்.

"வில்பத்து" எண்டு பேர் வைச்ச எல்லாம் வில்பத்தில இல்லை. சிலது ஹுனுவில்கம வாசலில இருந்து ரெண்டு மூண்டு கிலோமீற்றர். சிலது அநுராதபுரத்துக்குக் கிட்ட. சிலது புத்தளப் பக்கம் எலுவன்குளம் வாசலோட. எலுவன்குளம் கொழும்பால வாற ஆக்களுக்கு வசதி, எங்களுக்குச் சுத்து. அதால முதல் கேள்வி: ஹுனுவில்கம வாசலுக்கு ஜீப்பில எத்தனை நிமிசம்? வாசல் திறக்கிறது காலை 6 மணி. சிறுத்தை வெளியில நிக்கிற நேரம் அந்த முதல் ரெண்டரை மணித்தியாலம்தான். விடுதியில இருந்து 45 நிமிசம் ஓடி, வரிசையில நிண்டு, ரிக்கெற் எடுத்து உள்ள போகேக்க ஏழரையாச்சுதெண்டால் நல்ல நேரத்தில பாதி போச்சுது.

ரெண்டாவது, விலையில என்ன என்ன அடங்குது? ஜீப் உள்ளுக்கோ வெளியிலயோ? பூங்கா ரிக்கெற் அனேகமா வெளியிலதான். "பிளஸ் பிளஸ்" எண்டு போட்டிருந்தால் கவனம். 100 ரூபா எண்டு காட்டினது 10 வீதம் சேவைக் கட்டணத்தோட 110, அதுக்கு மேல 18 வீதம் வற் ஏறி 129 ரூபா 80 சதம். மற்ற வரிகளும் சேர்ந்தால் மூண்டில ஒரு பங்கு கூடிப் போகும். "கடைசித் தொகை எவ்வளவு, ரெண்டு பேருக்கு, உள்ளூர் ரேற்றில?" எண்டு வாட்சப்பில எழுத்தில கேட்டு எடுங்கோ.

மூண்டாவது, கூடாரமெண்டால் எந்தக் கூடாரம்? சீமெந்துத் தளமும் தகரக் கூரையும் உள்ளதோ, மண்ணில அடிச்ச சீலையோ? ஏசி கரண்டிலயோ ஜெனரேற்றரிலயோ? ஜெனரேற்றரெண்டால் எத்தினை மணிக்கு நிப்பாட்டுவினம்? ஆவணி மத்தியானத்தில சீலைக் கூடாரத்துக்குள்ள இருக்கேலாது, வேர்த்துக் கொட்டும். காலைச் சவாரிக்கும் பின்னேரச் சவாரிக்கும் நடுவில நாலு மணித்தியாலம் நீங்கள் படுக்கப் போறது அங்கதான். என்ர முடிவு: ஆவணிக்கு மரநிழலில உள்ள, ஓடு அல்லது கிடுகு போட்ட அறை. கூடாரத்தை மாசி, பங்குனிக்கு வைச்சிருங்கோ.

வண்ணாத்திப்பூச்சி:
பூங்காவுக்குள்ளேயே வனஜீவராசிகள் திணைக்களத்தின்ர பங்களாக்கள் இருக்கே, அதை ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை? கொக்மொட்டை, மரதன்மடு, பணிக்கர் வில்லு. வாசலுக்கு ஓடுற வேலையே இல்லை. விடிய எழும்பி விறாந்தையில இருந்தாலே மான் நிக்கும்.

கரைவலை:
சொல்லாதது காரணத்தோடதான், வண்ணாத்தி. பங்களா கூட்டத்துக்கு எண்டு கட்டினது. ரெண்டு பேர் போனாலும் முழு வீட்டுக் காசு. அரிசி, மரக்கறி, தேங்காய், குடிதண்ணி, படுக்கைச் சீலை, ரோச் எல்லாம் நீங்கள் கொண்டு போகவேணும். அங்க உள்ள ஆள் சமைச்சுத் தருவார், சாமான் உங்கட. மணலில ஓடக்கூடிய ஃபோர் வீல் வாகனமும் வேணும். சின்னக் கார் ஹுனுவில்கமத்தோட நிக்கும். முன்பதிவு திறந்த கொஞ்ச நேரத்திலேயே நல்ல நாள் எல்லாம் போயிரும். நாலு குடும்பம் சேர்ந்து போனால் அதைப் போல இடமில்லை. கலியாண நாளுக்கு வெங்காயம் உரிச்சுக்கொண்டு இருக்கோணுமெண்டால் போங்கோ.

வண்ணாத்திப்பூச்சி:
சில சோடிக்கு வெங்காயம் உரிக்கிறதும் சந்தோசம்தான் அண்ணை. விலையையும் சாமானையும் நீங்கள் சொன்னதோட ஒத்துக்கொள்ளுறன்.

முதிரைக்கட்டை:
ஜீப். அரை நாள் ரெண்டு எடுங்கோ, முழு நாள் வேண்டாம். பூங்கா 6 தொடக்கம் 6. காலை அரை நாள் 6 இல இருந்து பத்துப் பதினொரு மணி வரை, பின்னேரம் 2 இல இருந்து 6. முழு நாளெண்டால் பதினொண்டுக்கும் மூண்டுக்கும் நடுவில ஒண்டும் அசையாது, மிருகம் எல்லாம் நிழலுக்குள்ள. அந்த நாலு மணித்தியாலமும் நீங்கள் காசு குடுத்து வெக்கையில குலுங்குறியள். முதுகு நோ உள்ளவரை வைச்சுக்கொண்டு அது தேவையில்லை.

இப்பிடிப் போடலாம்: முதல் நாள் பதினொண்டரைக்கு விடுதி, சாப்பிட்டுப் பின்னேரச் சவாரி. ரெண்டாம் நாள் விடிய ஒண்டு, மத்தியானம் நித்திரை, விரும்பினால் பின்னேரம் இன்னொண்டு. மூண்டாம் நாள் ஆறுதலா வெளிக்கிடுங்கோ. ஒரே ஜீப்காரனையே மூண்டுக்கும் பேசுங்கோ. முதல் நாள் தடம் பார்த்தவனுக்கு மற்ற நாள் எங்க போகோணும் எண்டு தெரியும். ரிக்கெற் ஒவ்வொரு தரம் உள்ள போகேக்கயும் எடுக்கோணும் எண்டதையும் கணக்கில சேருங்கோ.

பூநகரிக்காத்து:
குதிரைமலை பார்க்க விருப்பமெண்டால் முழு நாள்தான் வேணும். ஹுனுவில்கமத்தில இருந்து பூங்காவைக் குறுக்க வெட்டி மேற்கால கடல் வரைக்கும் போற ஓட்டம். செம்மண் பாறை கடலுக்குள்ள செங்குத்தா இறங்குற இடம், குவேனி கதையோட சேர்த்துச் சொல்லப்படுறது. காட்டில வெளிக்கிட்டுக் கடலில முடியிற சவாரி எல்லா இடத்திலயும் கிடையாது. மிருகம் குறைய, இடம் நிறைய.

முதிரைக்கட்டை:
உண்மை. ஆனால் முதுகு நோவோட வேண்டாம். அது சரியான தூரம், மணல் ரோட்டு.

பனங்கொட்டை:
இருக்கை விசயம். சவாரி ஜீப்பில ஆறு இருக்கை, பின்னால போகப் போக உயரும். கடைசி வரிசை பின் சில்லுக்கு நேர மேல அல்லது அதுக்கும் பின்னால. ஒரு கிடங்கில விழுந்தால் முன்னுக்கு இருக்கிறவர் ஆடுவார், பின்னுக்கு இருக்கிறவர் எழும்பி விழுவார். முதுகு நோ எண்டால் சாரதிக்குப் பின்னால முதல் வரிசை. பார்வை கொஞ்சம் குறைவு, அதுக்குப் பதிலா முள்ளந்தண்டு மிஞ்சும். இடுப்புக்குப் பின்னால சுருட்டின துவாய் ஒண்டு வையுங்கோ. கிடங்கு வாறது தெரிஞ்சால் இருக்கையில அழுந்தி இராமல், முன் கம்பியைப் பிடிச்சு உடம்பைக் கொஞ்சம் தூக்கினால் அடி காலுக்குப் போகும், முதுகுக்குப் போகாது.

ஏறுற படி முழங்காலுக்கு மேல நிக்கும். சாறி கட்டிக்கொண்டு ஏறேலாது. கலியாண நாள் படம் எடுக்கிறதெண்டால் விடுதியில வந்து கட்டுங்கோ. வெள்ளை உடுப்பும் வேண்டாம், செம்புழுதி பிடிச்சால் ரெண்டு தோய்ச்சலுக்கும் போகாது. தலைக்கு ஒரு பருத்திச் சால்வை, மூக்குக்கு மாஸ்க். முன்னுக்குப் போற ஜீப்புக்குக் கிட்டக் கிட்டப் போகவேண்டாம் எண்டு சாரதிக்குச் சொன்னால் பாதிப் புழுதி மிச்சம்.

கிடுகுவேலி:
இதைத்தான் எதிர்பார்த்தனான், நன்றி. சாரதிமாருக்குத் தமிழ் விளங்குமோ? சைவச் சாப்பாடு என்ன மாதிரி?

ஆனையிறவு_உப்பு:
கொஞ்சப் பேருக்கு விளங்கும். அதை நம்பி இராமல் நாலு சிங்களச் சொல்லைப் பாடமாக்குங்கோ. "ஹெமின் யன்ன" எண்டால் மெதுவாப் போங்கோ. "எஞ்சின் எக்க நவத்தன்ன" எண்டால் எஞ்சினை நிப்பாட்டுங்கோ. கொட்டியா சிறுத்தை, வலஹா கரடி, அலியா யானை. எங்கட சிறுத்தையின்ர விஞ்ஞானப் பேரிலேயே கொட்டியா இருக்கு, பந்தேரா பார்டஸ் கொட்டியா.

சைவத்துக்கு முக்கியமான சொல் "உம்பலகட எப்பா". உம்பலகட எண்டது மாசிக்கருவாடு. மரக்கறிச் சாப்பாடு எண்டு சொன்னால் இறைச்சி, மீன் துண்டு போட மாட்டினம், அது சரி. ஆனால் தேங்காய்ச் சம்பலில, மல்லுங்கில, பருப்புத் தாளிதத்தில மாசியை இடிச்சுப் போட்டிருப்பினம். அவையின்ர கணக்கில அது மீனில்லை, வாசத்துக்குப் போடுற ஒரு சரக்கு. பதிவு செய்யேக்கயே "மாசி, கருவாடு, முட்டை ஒண்டும் வேண்டாம்" எண்டு தனித்தனியாச் சொல்லுங்கோ. போன உடன சமையல்காரரிட்ட நேரில இன்னொருக்காச் சொல்லுங்கோ. பதிவு எடுத்தவர் சொன்னது குசினி வரைக்கும் போயிருக்காது. விடியச் சவாரிக்குத் தாற பொட்டலத்தில சான்ட்விச்சுக்குள்ள முட்டை இருக்கும், அதையும் முதல் நாள் இரவே மாத்தச் சொல்லுங்கோ.

தண்ணி: வடமத்திய மாகாணம் சிறுநீரக நோய்க்குப் பேர் போன பக்கம். கிணத்துத் தண்ணியைக் குடிக்காதேங்கோ. வடிகட்டின ஆர்ஓ தண்ணிதான் குடிக்கத் தாறினமோ எண்டு கேளுங்கோ. சவாரிக்கு ஆளுக்கு ஒண்டரை லீற்றர், சில்வர்ப் போத்தலில. சொப்பிங் பாக் ஒண்டும் கொண்டு போகாதேங்கோ, வாசலில சோதிச்சு எடுப்பினம். துணிப்பையும் சாப்பாட்டுப் பெட்டியும் காணும்.

கருங்காலி:
சிறுத்தை எப்பிடித் தேடுறது எண்டு ஒருத்தரும் எழுதேல்லை. சாரதி தேடுவார் எண்டு சும்மா இருந்தால் ஒரு சோடிக் கண்தான், நீங்களும் தேடினால் மூண்டு சோடி.

ஓடிக்கொண்டே இருக்கிறதை விட நிண்டு கேக்கிறது பலன். பெரிய வில்லு ஒண்டில எஞ்சினை நிப்பாட்டி இருவது நிமிசம் நில்லுங்கோ. புள்ளிமான் மேயிற கூட்டத்தைப் பாருங்கோ. எல்லாம் தலை குனிஞ்சு மேஞ்சால் ஒண்டும் இல்லை. ரெண்டு மூண்டு மான் தலையைத் தூக்கி, காது ரெண்டும் முன்னுக்கு, ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு முன்காலால நிலத்தில தட்டினால் அந்தப் பக்கம் ஏதோ இருக்கு. அதுக்குப் பிறகு விசில் அடிச்ச மாதிரிக் கூர்ச் சத்தம். மரத்தில மந்தி குரல் குடுத்தால் இன்னும் நிச்சயம், அது மேல இருந்து பார்த்துத்தான் கத்துது. சத்தம் நகர்ந்து போனால் சிறுத்தை நடக்குது, ஒரே இடத்தில நிண்டால் அது படுத்திருக்கு.

இலங்கைக் காட்டில சிறுத்தைக்கு மேல ஒரு வேட்டை மிருகம் இல்லை. இந்தியாவில புலிக்குப் பயந்து ஒளிக்கிற மாதிரி இஞ்ச ஒளிக்கத் தேவையில்லை. அதால வெளி மணலில, ரோட்டு நடுவிலயும் படுத்திருக்கும். கண்டால் எழும்பி நிக்காதேங்கோ. ஜீப்பும் நீங்களும் சேர்ந்து ஒரே உருவமாத்தான் அதுக்குத் தெரியும், எழும்பின உடன அந்த உருவம் உடையும். கையை நீட்டிக் காட்டுறதும் அப்பிடித்தான். "பாருங்கோ பாருங்கோ" எண்டு கத்துறதை நான் எழுதத் தேவையில்லை.

பின்னேரச் சவாரியில ஒரு பிழை வழக்கமா நடக்கும். ஆறு மணிக்கு வாசலைத் தாண்டவேணும் எண்டு அஞ்சே முக்காலுக்கு ஜீப் பறக்கும். உள்ளுக்க 25 கிலோமீற்றர்தான் சட்டம். அந்த ஓட்டத்திலதான் முதுகும் போகும், ரோட்டைக் கடக்கிற மானும் அடிபடும். அஞ்சு மணிக்கு எங்க நிக்கிறம், வாசலுக்கு எத்தினை கிலோமீற்றர் எண்டு கேட்டு, அதுக்கேத்த மாதிரித் திரும்பச் சொல்லுங்கோ.

கரைவலை:
கமராவுக்கு ஒண்டு. வில்லுக்கு அந்தக் கரையில நிக்கிற மிருகம் 100, 200 மீற்றர் தூரம். ஃபோனில ஒரு மண்ணிறப் புள்ளிதான் விழும். 8க்கு 42 பைனாகுலர் ஒண்டு இரவல் வாங்குங்கோ, படத்தை விட அதுதான் ஞாபகத்தில நிக்கும். லென்ஸ் இருந்தால் 300 மில்லிமீற்றருக்குக் குறையாமல். முக்காலி ஜீப்பில சரிவராது. தலையணை உறையில ஒரு கிலோ அரிசி போட்டுக் கட்டி, கம்பிக்கு மேல வைச்சு, அதில லென்ஸை அழுத்துங்கோ. எஞ்சின் ஓடிக்கொண்டு இருந்தால் எந்த அரிசியும் உதவாது, படம் நடுங்கும். ட்ரோன் கொண்டு போகவே வேண்டாம், பறிபடும்.

வண்ணாத்திப்பூச்சி:
கேக், பூ, மெழுகுதிரி விசயம். பட்டர் ஐசிங் கேக்கை யாழ்ப்பாணத்தில வாங்கி அஞ்சு மணித்தியாலம் காரில கொண்டு போனால் போய்ச் சேருறது கேக்கில்லை, கூழ். விடுதியிட்ட மூண்டு நாள் முதல் சொன்னால் அநுராதபுரத்தில எடுத்து வைப்பினம். இல்லையெண்டால் ஐசிங் இல்லாத ரிச் கேக் கொண்டு போங்கோ, அது நாலு நாளும் தாங்கும். கட்டிலில துவாயால அன்னம் செய்து பூவால பேர் எழுதுறதுக்கு எல்லா விடுதியிலயும் ஆள் இருக்கு, கேட்காட்டியும் செய்வினம்.

அறைக்குள்ள சாப்பாடு வைக்காதேங்கோ. கேக் துண்டு எண்டால் எறும்பும் குரங்கும். வாழைப்பழக் குலை, அரிசி, உப்பு எண்டால் யானை. யானைக்கு மோப்பம் கடும், சுவரை இடிச்சு அரிசி எடுக்கிறது அந்தப் பக்கக் கிராமங்களில தெரிஞ்ச விசயம். கரைவலை சொன்ன அரிசித் தலையணையையும் இரவில விடுதிக் குசினியில குடுத்து வையுங்கோ. வெளியில மெழுகுதிரிச் சாப்பாடு கேக்கிறதெண்டால் மின்வேலிக்கு உள்ளுக்குத்தான். குளக்கரையில மேசை போட்டுத் தாறம் எண்டு ஆசை காட்டினால், இருட்டினாப் பிறகு எப்பிடித் திரும்பி வாறது, ஆர் ரோச்சோட கூட வருவினம் எண்டு கேளுங்கோ. ஆவணியில யானைக்கும் அந்தக் கரைதான் வேணும்.

கருங்காலி:
இரவில அறையில இருந்து சாப்பாட்டு இடத்துக்கு இருவது அடி எண்டாலும் ரோச், மூடின சப்பாத்து. விரியனும் புடையனும் சூடு ஆறாத பாதையில வந்து கிடக்கும். விடியச் சப்பாத்தை உதறிப் போட்டுப் போடுங்கோ. கடிச்சால் கட்டு இறுக்காமல், வெட்டாமல், ஆளை அசைய விடாமல் அநுராதபுரம் போதனா வைத்தியசாலைக்கு. 1990 இலவச அம்புலன்ஸ். விடுதி மூலையில ஃபோன் சிக்னல் எங்க கிடைக்குது எண்டு போன உடன பார்த்து வையுங்கோ, பூங்காவுக்குள்ள அனேக இடத்தில இல்லை.

மலேரியாப் பயம் வேண்டாம், 2016 இல உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடெண்டு அறிவிச்சிட்டுது. நுளம்பெண்ணெய் டெங்குக்காகப் பூசுங்கோ. அட்டையும் அந்த வரண்ட பக்கம் தொல்லையில்லை. உண்ணிதான். புல்லுக்குள்ள கால் வைச்சால் குளிக்கேக்க இடுப்புப் பட்டி, முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்னால பாருங்கோ. சிறிய சாவணத்தால தோலோட ஒட்டப் பிடிச்சு நேர இழுங்கோ. எண்ணெய் பூசி, நெருப்புக் குச்சியால சுட்டு எடுக்கிற வேலை வேண்டாம்.

லண்டன்_கத்தரிக்காய்:
வெளிநாட்டுப் பாஸ்போட் உள்ளவருக்கு ரிக்கெற் எப்பிடி?

பூநகரிக்காத்து:
டொலர்க் கணக்கு, உள்ளூர் விலையை விடப் பல மடங்கு. முகத்தைப் பார்த்து விடமாட்டினம். தேசிய அடையாள அட்டை அல்லது இலங்கைப் பாஸ்போட் கையில இருக்கவேணும். ரெட்டைக் குடியுரிமை எடுத்தும் இலங்கைப் பாஸ்போட்டை மாமி வீட்டு அலுமாரியில விட்டுப்போட்டு வந்தால் வெளிநாட்டு விலைதான். விடுதியிலயும் அதே கதை, உள்ளூர் ரேற்றில பதிஞ்சால் ரெண்டு பேரின்ர அட்டையும் கேப்பினம்.

கிடுகுவேலி:
அப்ப இதுதான் திட்டம்: தீர்த்தம் முடிஞ்ச அடுத்த செவ்வாய் வெளிக்கிடுறது, ஹுனுவில்கமப் பக்கம் ஓட்டு அறை, பின்னேரம் ஒண்டு, விடிய ஒண்டு, முதுகு சரியெண்டால் மூண்டாவது. திரும்பி வரேக்க மதவாச்சியால மன்னார்ப் பக்கம் வந்து, கட்டுக்கரைக்குளத்தில பறவையும் பார்த்து, பூநகரியால வரலாமோ?

பூநகரிக்காத்து:
வரலாம், ஆனால் ஆவணியில கட்டுக்கரைக்குளத்தில பறவைக்கெண்டு நிக்காதேங்கோ. தண்ணி வத்தி, வலசை வாறது இன்னும் வந்திருக்காது. அது மார்கழி, தைக்குரிய இடம். அந்த வழியால வாறதெண்டால் மடுக் கோயிலும் திருக்கேதீச்சரமும் பார்த்துக்கொண்டு வாங்கோ. திருக்கேதீச்சரம் மத்தியானம் நடை சாத்தும், அதுக்கு முதல் போய்ச் சேருற மாதிரி விடுதியை எட்டு மணிக்கு விடவேணும். பிறகு ஏ32, சங்குப்பிட்டிப் பாலம். அந்த வீதியில பெற்றோல் செற் அரிது, மன்னார்ப் பக்கமே நிரப்புங்கோ. பின்னேரம் அஞ்சரைக்கு முதல் பாலம் தாண்டினால் நல்லம், பொழுதுபட்டால் பூநகரி வெளியிலயும் மாடுதான்.

பனங்கொட்டை:
செவ்வாய் வெளிக்கிட்டால் மூண்டாம் நாள் வியாழன். அண்டைக்குப் போயா இருக்கோ எண்டு கலண்டரைப் பாருங்கோ.